அது லீவு இல்லை, டிரான்ஸ்பர்

கோத்தகிரிப் பக்கம் மூன்று இரவு தங்கிவிட்டுத் திருப்பூர் திரும்பிய மறுநாள் காலை, என் வீட்டம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். “உங்களுக்கெல்லாம் லீவுங்க. எனக்கு டிரான்ஸ்பரு. இந்த அடுப்புல இருந்து அந்த அடுப்புக்கு. அவ்வளவுதானுங்க.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்களையும் மாறுதல் ஆணைகளையும் எழுதிக் கோப்பில் கோத்தவன் நான். லீவுக்கும் டிரான்ஸ்பருக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? யோசிக்க யோசிக்க அவள் சொன்னது விதிப்படி சரி என்றே பட்டது. சொல்லப்போனால், மாறுதலில் போகிற ஊழியருக்குக்கூடப் பணியேற்பிடைக் காலம் என்று சில நாள் உண்டு. அவளுக்கு அதுவும் இல்லை. வண்டியிலிருந்து இறங்கிய பத்தாவது நிமிடம் பால் காய்ச்ச வேண்டியிருந்தது.

இப்போது நம் ஊரில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. பத்து வருடத்துக்கு முன்பு ஊட்டி, கொடைக்கானல் என்றால் லாட்ஜில் அறை எடுப்பார்கள், ஓட்டலில் சாப்பிடுவார்கள். இப்போது முழு வீட்டையே வாடகைக்கு எடுக்கிறார்கள். காட்டேஜ், ஹோம் ஸ்டே, ஃபார்ம் ஹவுஸ் என்று பல பெயர். விளம்பரத்தில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ‘சமையலறை வசதி உண்டு.’ ஆண்கள் அந்த வரியை ஒரு சலுகையாகப் படிக்கிறோம். பெண்கள் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். என் வயதுக்காரர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மே மாதம். திருப்பூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மகன் கைப்பேசியில் தேடி ஒரு வீட்டைப் பிடித்தான். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய கிராமம். மூன்று படுக்கையறை, ஒரு கூடம், முன்னால் புல்தரை, பின்னால் சமையலறை. ஓர் இரவுக்கு 6,000 ரூபாய். நானும் வீட்டம்மாவும், மகன், மருமகள், பேத்தி, பேரன், சம்பந்தி இருவர், மருமகளின் தம்பி, அவர் மனைவி என்று மொத்தம் பத்துப் பேர். நீலகிரிக்கு இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் வந்துவிட்டதல்லவா, அதையும் மகன் எடுத்துவிட்டான். அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகப் பயணம்.

ஆனால் பயணம் அதற்கு இரண்டு நாள் முன்பே சமையலறையில் தொடங்கிவிட்டது. குழம்புப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி. அரிசி, துவரம் பருப்பு, உளுந்து, எண்ணெய். தேங்காய் ஐந்து. ஒரு பக்கெட் இட்லி மாவு. குக்கர், தோசைக்கல், மிக்ஸி. வழியில் சாப்பிட எலுமிச்சை சாதம், தயிர் சாதம். “உப்புகூட எடுத்தாச்சுங்களா?” என்று சம்பந்தியம்மா போனில் கேட்டது எனக்குக் கேட்டது. எடுத்தாகிவிட்டது. கார் டிக்கியைத் திறந்தால் மளிகைக் கடை மாதிரி இருந்தது. ஆண்கள் நால்வரும் ஆளுக்கு ஒரு பை எடுத்துக்கொண்டோம். அதில் துணி இருந்தது.

வியாழன் மதியம் போய்ச் சேர்ந்தோம். ஞாயிறு காலைப் பலகாரம் முடித்துக் கிளம்பினோம். வியாழன் மதியத்துக்குக் கட்டுச்சோறு. அதன்பின் வியாழன் இரவு ஒன்று, வெள்ளி மூன்று, சனி மூன்று, ஞாயிறு காலை ஒன்று. ஆக எட்டு வேளை. பத்துப் பேருக்கு எட்டு வேளை என்றால் 80 சாப்பாடு. டீ, காபி கணக்கில் வராது.

அந்தச் சமையலறையில் இரண்டு பர்னர் அடுப்பு. மழுங்கிய கத்தி. தண்ணீரில் கை வைத்தால் விறைத்துவிடும். கோத்தகிரி ஏறக்குறைய 6,000 அடி உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் நம் ஊரைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேக நேரம் ஆகும். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. “என்ன, இன்னும் சாப்பாடு ஆகலையா?” என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சமையலறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியே தெரிந்தது மலை இல்லை, தண்ணீர்த் தொட்டி.

வெள்ளிக்கிழமை ஆண்களும் பிள்ளைகளும் கோடநாடு காட்சிமுனைக்குப் போனோம். கீழே மாயாறு, எதிரே ரங்கசாமி முடி. அப்படி ஒரு காட்சி. “அம்மா வரலையா?” என்று மகன் ஒரு தடவை கேட்டான். “மதியத்துக்குக் கறி எடுத்திருக்காங்க, வேலை இருக்கும்” என்று நானே பதில் சொன்னேன். வீட்டம்மா அந்த மூன்று நாளில் பார்த்த ஊர், கொத்தமல்லித் தழை வாங்கப் போன கோத்தகிரி கடைவீதி மட்டும்தான்.

இன்னொன்று. சனிக்கிழமை மாலை பேரன் புல்தரையில் கிரிக்கெட் ஆடினான். அவனுக்கு ஒன்பது வயது. பேத்திக்குப் பதினான்கு. அவளும் நன்றாகப் பந்து போடுவாள். உள்ளேயிருந்து, “கண்ணு, வந்து கொஞ்சம் வெங்காயம் உரிச்சுக் குடு” என்று கூப்பிட்டார்கள். போய்விட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் அவனைக் கூப்பிடவுமில்லை. எட்டு வேளைச் சமையலைவிட இதுதான் இப்போது எனக்கு அதிகமாக உறுத்துகிறது. மூன்று நாள் விடுமுறையில் பேத்திக்கு நாங்கள் நடத்திய பாடம் இதுதான்.

இதில் என் பங்கு என்னவென்றும் சொல்லிவிட வேண்டும். போய்ச் சேர்ந்த அன்றைக்கே, அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் மனைவி வந்து கேட்டார். “ஐயா, சொன்னா நானே சமைச்சுத் தந்துடறேன். ஒரு சாப்பாடு 150 ரூபாய்தான்.” அவரை வேண்டாமென்று அனுப்பியவன் நான். “இல்லம்மா, எங்க வீட்டுல நாலு பொம்பளைங்க இருக்காங்க” என்றேன். பெருமையாகச் சொன்னேன். நாலு பேரில் ஒருவரையும் கேட்காமல் சொன்னேன்.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. அந்த அம்மாவிடம் சமைக்கச் சொல்லியிருந்தால் ஒரு வேளைக்கு 1,500 ரூபாய். எட்டு வேளைக்கு 12,000. நாங்கள் மளிகை, காய், கறி, பால் என்று செலவழித்தது ஏறக்குறைய 5,000. ஆக மிச்சம் 7,000 ரூபாய். நான்கு பெண்கள், மூன்று நாள், 12 ஆள் நாள் வேலை. 7,000-ஐ 12-ஆல் வகுத்தால் 583 ரூபாய் சொச்சம். ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பை 583 ரூபாய்க்கு மதிப்பிட்டு, அதையும் அவர்கள் கையில் கொடுக்காமல், ‘மிச்சம்’ என்று நாம் எழுதிக்கொண்டோம். இதற்குச் சரியான தலைப்பு மிச்சம் அல்ல. கொடுக்காமல் விட்ட கூலி. அலுவலகத்தில் இப்படி எழுதினால் தணிக்கைக்காரர் சிவப்பு மையில் கேள்வி போட்டிருப்பார்.

இதைச் சில நண்பர்களிடம் சொன்னபோது வந்த ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஆட்சேபணை, “வெளிச் சாப்பாடு நமக்கு ஒத்துக்காதுங்க.” இதைத் திருப்பூரில் இருந்துகொண்டு சொல்ல நமக்கு வாய் கூசவில்லையா? இந்த ஊரே மெஸ் சாப்பாட்டில் வளர்ந்த ஊர். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்தும், இப்போது பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று வேலை செய்கிற எத்தனையோ பேர் மூன்று வேளையும் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார்கள். நாமே வேலைக்குப் போன காலத்தில் கேன்டீன் வடையும் பேக்கரி பப்ஸும் சாப்பிட்டோம். அப்போதெல்லாம் ஒத்துக்கொண்ட வயிறு, மனைவி லீவு எடுக்கும்போது மட்டும் கெட்டுவிடுகிறது.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்குப் பத்தியச் சாப்பாடு வேண்டும் என்பது நியாயம். நானும் மாத்திரை போடுகிறவன். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது ஒரு கிண்ணம் கஞ்சியும் இரண்டு சப்பாத்தியும். அதற்காகப் பத்துப் பேருக்கு மட்டன் குழம்பு வைக்கச் சொல்லவில்லை எந்த டாக்டரும்.

இரண்டாவது, “ஆம்பளைங்க வண்டி ஓட்டறோம், பெட்டி தூக்கறோம், செலவு பண்றோம்.” வண்டி ஓட்டியது போகும்போது மூன்று மணி நேரம், வரும்போது மூன்று மணி நேரம். அதில் நடுவே இரண்டு முறை டீக்கு நிறுத்தினோம். சமையலுக்கு அப்படி நடுவில் நிறுத்தம் உண்டா? செலவு என்றால், மருமகளும் சம்பளம் வாங்குகிறவள்தான். வாடகையில் அவள் பங்கும் இருந்தது. காசும் கொடுத்துக் காயும் நறுக்கினாள்.

மூன்றாவதுதான் பெரிய வாதம். “அவங்களுக்குச் சமைச்சுப் போடறதுதான் சந்தோஷம்.” இதை எப்போதும் சாப்பிடுகிறவர்தான் சொல்வார், கவனித்திருக்கிறீர்களா? சமைப்பதில் சந்தோஷம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேண்டாமென்று சொல்ல வழி இருக்கும்போதுதான் அது சந்தோஷம். வழியில்லாதபோது அதற்கு வேறு பெயர். எனக்கும் கோப்பு எழுதுவது பிடிக்கும். அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வா என்றால் போயிருப்பேனா? சங்கத்தில் போய் முறையிட்டிருப்பேன்.

விடுப்பு என்பதை நாம் எவ்வளவு கவனமாகக் கணக்கு வைத்துக்கொண்டோம்! தமிழக அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. ஆறு மாதத்துக்கு 15 நாள் வீதம் ஈட்டிய விடுப்பு. ஓய்வு பெறும்போது 240 நாள் வரை அதைக் காசாக்கிக்கொள்ளலாம். நானும் வாங்கினேன், அந்தப் பணத்தில்தான் மாடியில் ஓர் அறை எடுத்தோம். எனக்கு 58 வயதில் பணி ஓய்வு. எங்களுக்குக் கல்யாணமாகி 48 வருடம் ஆகிறது. வீட்டம்மாவின் விடுப்புக் கணக்கில் இத்தனை வருடத்தில் வரவு வைத்த நாள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், இரண்டு பிரசவமும் ஒரு கர்ப்பப்பை ஆபரேஷனும்தான் ஞாபகம் வருகிறது. அது மருத்துவ விடுப்பு.

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும், மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்கள், பெண்களில் நூற்றுக்கு 81 பேர்; ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்கிறவர்களிலும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற பெண்ணுக்கு இது இரண்டாவது ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு என்பார்கள். அந்த ஞாயிறில்தான் வாரத் துணி, கறிக்குழம்பு, வீடு கழுவுவது எல்லாம்.

சமையல் வேலையே இல்லை என்றும் அரசாங்கம் நினைக்கவில்லை. அதே பெண் சத்துணவுக் கூடத்தில் சமைத்தால் சமையலர் என்று பதவி உண்டு, ஊதியம் உண்டு. வீட்டில் சமைத்தால் கடமை. 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்று வைத்தார்கள். தொகை சிறிது, பெயர் சரி. அரசாங்கம் பெயரளவிலாவது ஒத்துக்கொண்டதை நாம் வீட்டுக்குள் ஒத்துக்கொள்ளவில்லை.

நாமே சமைத்துக்கொள்ளும் விடுமுறை வீடு என்கிற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். எங்கள் பூர்வீகம் அவிநாசிப் பக்கம் என்றாலும், அப்பா புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளி. அதனால் நான் பிரெஞ்சில் படித்தவன். பிரான்சில் இப்படிப்பட்ட கிராமத்து வீட்டுக்கு ‘ஜீத்’ என்று பெயர். படுத்துக் கிடக்கிற இடம் என்பது அதன் வேர்ப்பொருள். கல்லறைகளில் ‘இங்கே கிடக்கிறார்’ என்று பொறிக்கிற வினைச்சொல்லும் அதே வேர்தான். அதாவது ஒன்றும் செய்யாமல் கிடப்பதற்கான வீடு. எங்கள் பயணத்தில் பகலில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்த பெண் ஒருவர்கூட இல்லை.

பிரான்சில் 1936 ஜூனில்தான் தொழிலாளர்களுக்கு வருடத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் வந்தது. பெரிய வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு வந்த சட்டம். அடுத்த மாதமே, 1936 ஜூலை 30 அன்று, புதுச்சேரி சவானா ஆலையில் உரிமை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். 1937-இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அப்பா வருடா வருடம் அந்த நாளில் ஆலைவாசலுக்குப் போய் வருவார். ஓய்வு என்பதை யாரும் இனாமாகக் கொடுக்கவில்லை என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அதே அப்பா வீட்டுக்கு வந்ததும், “சோறு ஆச்சா?” என்றுதான் அம்மாவிடம் கேட்பார். ஆலைக்குச் சங்கம் இருந்தது. அடுப்படிக்கு இல்லை.

முதல் ஜீத் 1951-இல் திறக்கப்பட்டது. 1955-இல் இதற்கென்று நாடு தழுவிய சங்கம் ஏற்பட்டது. நோக்கம் இரண்டு. ஓட்டலுக்குக் காசில்லாத நகரத்துக் குடும்பம் மலிவாகத் தங்க வேண்டும். ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்த கிராமத்தில் விவசாயிக்குக் கொஞ்சம் வருமானம் வர வேண்டும். நாங்கள் இரண்டையும் தலைகீழாக்கினோம். உப்பு முதல் கொண்டுபோனோம். அந்தக் கிராமத்துக்கு எங்களால் கிடைத்தது ஒரு கட்டு கொத்தமல்லியும் கொஞ்சம் பாலும் விற்ற காசு, மூன்று மூட்டைக் குப்பை. அங்கே ஒரு பெண் சமைத்துத் தருகிறேன், காசு கொடுங்கள் என்று வாசலில் வந்து நின்றார். அவருக்கு வருமானமும், நம் வீட்டுப் பெண்களுக்கு ஓய்வும் ஒரே ‘சரி’யில் கிடைத்திருக்கும்.

நம் மலையில் இப்படி வீடு கட்டிக் குளிர் அனுபவிப்பதைத் தொடங்கி வைத்தவர், அப்போதைய கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819-இல் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றும் இருக்கிறது. திருப்பூரும் அப்போது கோயமுத்தூர் ஜில்லாதான். அந்தத் துரைமார் வீடுகளில் சமையற்கட்டு பின்னால் தனியாக இருக்கும். துரையும் துரைசாணியும் முன்னால் வராந்தாவில் மலையைப் பார்ப்பார்கள், சமையற்காரர் பின்னால் புகையில் இருப்பார். ஓய்வெடுப்பவர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர். துரைமார் போய்விட்டார்கள். அதே ஏற்பாட்டை நாம் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டோம், சம்பளத்தை மட்டும் நிறுத்திவிட்டு.

“இதெல்லாம் நம்ம பண்பாடுங்க” என்பவர்களுக்கும் ஒன்று. நம் பண்பாட்டில் வெளியூர் போவது எப்படி இருந்தது? ஆடிப் பதினெட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு கொடுமுடிக்கோ பவானிக்கோ போவோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று கட்டிக்கொண்டு போவார்கள். ஆற்றங்கரையில் இலையைப் போட்டுச் சாப்பிட்டு, இலையை எறிந்தால் வேலை முடிந்தது. அதன்பின் அம்மாவும் அத்தைகளும் காவிரியில் இறங்கிக் குளித்ததும் மணலில் உட்கார்ந்து கதை பேசியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடியற்காலையில் எழுந்து அதைக் கட்டியதும் அவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போன இடத்தில் அடுப்பு இல்லை. பகலாவது அவர்களுடையதாக இருந்தது. அடுப்பையும் கூடவே கொண்டுபோவது புது நாகரிகம். அதற்குப் பண்பாடு என்று பட்டுத்துணி போர்த்த வேண்டாம்.

வெளிநாட்டில் இது சரியாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். என் தங்கை மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். காட்ஸ்வோல்ட்ஸ் என்கிற பகுதியில் ஒரு கிராமத்தில் இதே மாதிரி ஒரு வீட்டை ஒரு வாரம் எடுத்துத் தங்கினார்களாம். தேன் நிறக் கல்லில் கட்டிய பழைய வீடு, ஓடை, தேவாலயம். வீட்டுக்காரர் ரொட்டி, பால், முட்டை வைத்துவிட்டுப் போயிருந்தாராம். அங்கே பல குடும்பங்கள் காலையில் ரொட்டி, மதியம் ஏதாவது ஒரு சாண்ட்விச், இரவு அந்த ஊர் பப்பில் சாப்பாடு என்று முடித்துக்கொள்வார்களாம். “நீ என்ன பண்ணினே கண்ணு?” என்று கேட்டேன். “ரைஸ் குக்கர், இட்லித் தட்டு, சாம்பார் பொடி எல்லாம் கார்ல ஏத்திட்டுத்தான் போனேன் மாமா. அவருக்கு ரெண்டு நாள் ரொட்டி சாப்பிட்டா மூணாவது நாள் முகம் மாறிடும்” என்றாள். எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் டிரான்ஸ்பர்தான்.

வெள்ளைக்காரர்களும் இதில் கரை கண்டவர்கள் அல்ல. அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே 2016-இல் சொன்னது, ஆண்களைவிடப் பெண்கள் சம்பளமில்லாத வேலையை 60 சதவீதம் அதிகமாகச் செய்கிறார்கள் என்று. ஐஸ்லாந்து நாட்டில் 1975 அக்டோபர் 24 அன்று ஏறக்குறைய 90 சதவீதப் பெண்கள் ஒரே நாளில் வேலைக்கும் போகாமல், வீட்டு வேலையும் செய்யாமல் விட்டார்கள். அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சுலபமாக வேகக்கூடியது என்று எல்லா ஆண்களும் வாங்கியதில் கடைகளில் சாசேஜ் தீர்ந்துபோனதாம். அடுத்த ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. ஒரு நாள் அடுப்பை அணைத்தால்தான் கண் திறக்கிறது.

எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் டிசம்பர் கடைசியில் மறுபடி ஒரு பயணப் பேச்சு வந்தபோது, நான் ஒரு வெள்ளைத்தாளில் பணிப் பட்டியல் போட்டேன். அலுவலகத்தில் தேர்தல் வேலைக்குப் போட்ட அதே மாதிரி. மூன்றே விதி. ஒன்று, மதியச் சாப்பாடு முழுக்க அந்த ஊரிலேயே, காசு கொடுத்து. இரண்டு, காலைக்கும் இரவுக்கும் ஆண்கள் நால்வரும் முறை வைத்துச் செய்வது. தெரியாதவர் ரொட்டியும் வர்க்கியும் வாங்கி வைத்தால் போதும். மூன்று, பேரனுக்கும் வெங்காயம் உண்டு.

சம்பந்தி முகத்தைச் சுளித்தார். “பொம்பளைங்க இருக்கும்போது நாம எதுக்குங்க?” என்றார். “அவங்க லீவுல இருக்காங்க, சம்பந்தி” என்றேன். மேலே பேசவில்லை.

அதே வீட்டுக்கே போனோம். எனக்கு வந்தது இரண்டாம் நாள் காலை உப்புமா. ரவையை வறுக்காமல் போட்டுவிட்டேன், களி மாதிரி வந்தது. அடியும் பிடித்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள், ஒருவரும் சாகவில்லை. பேரன் கண்ணில் தண்ணீர் விட்டபடி வெங்காயம் நறுக்கினான். பேத்தி வெளியே பந்து போட்டுக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு அந்த வீட்டுப் பெண்மணி அவரைக் குழம்பு வைத்துத் தந்தார். நம் ஊரில் கிடைக்காத ருசி. மே மாதம் அதைத்தான் வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வீட்டம்மாவால் முதல் நாள் உட்கார முடியவில்லை. நாலு தடவை எழுந்து வந்து, “கடுகு எங்கன்னு தெரியுதுங்களா?” என்று கேட்டாள். “சின்னவனே, அடுப்பைச் சின்னதா வையி” என்று மகனுக்கு வெளியிலிருந்தே குரல் கொடுத்தாள். இத்தனை வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? இரண்டாம் நாள் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சனிக்கிழமை கோடநாட்டுக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வெகு நேரம் பார்த்தாள். “இவ்வளவு நல்லா இருக்குன்னு போன தடவை சொல்லவே இல்லையேங்க” என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே நண்பர்களே, வருகிற மே மாதத்துக்கு உங்கள் பிள்ளைகள் வீடு தேடிக்கொண்டிருப்பார்கள். ‘சமையலறை வசதி உண்டு’ என்ற வரியைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வசதி யாருக்கு? அதில் யார் நிற்கப்போகிறார்கள் என்று பெயர் எழுதுங்கள். அந்தத் தாளில் உங்கள் பெயர் இல்லையென்றால், நீங்கள் ஏற்பாடு செய்திருப்பது குடும்ப விடுமுறை அல்ல. உங்களுக்கு லீவு, வீட்டிலுள்ள பெண்களுக்கு மாறுதல் ஆணை. அதற்கு 18,000 ரூபாய் வாடகை எதற்கு? நீங்கள் மட்டும் போய்வாருங்கள். அவர்களாவது வீட்டில் மூன்று நாள் நிம்மதியாக இருப்பார்கள்.